தகவலும் தரவும்



கைபேசியைப் பற்றியும் கணினியைப் பற்றியும் உங்களிடம் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அறுபத்தைந்து வயதைத் தாண்டிய தலைமையாசிரியன், அதிலும் ஓய்வு பெற்றவன், இருபது வயது இளைஞர்களுக்குக் கைபேசியைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? என் வீட்டில் அக்கருவி முரண்டு பிடிக்கும்போதெல்லாம் அதைச் சீர்செய்து தருபவள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்திதான். ஆயினும் ஒப்புக்கொண்டேன். இந்தக் கருவியைக் கொண்டு நான் ஒரு பிழை செய்திருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு பாடத்துக்கு வருவோம்.

2015 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தைச் சென்னையில் இருந்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார். அடையாறு கரை கடந்து சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. மயிலாப்பூரில் எங்கள் தெருவில் முழங்காலளவுத் தண்ணீரோடு நாங்கள் தப்பினோம். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. அந்த இருட்டில் என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன, வெள்ளத்தோடு நகருக்குள் வருகின்றன, யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்றது அச்செய்தி. வாயைப் பிளந்த முதலையின் படம் ஒன்றும் உடன் இருந்தது. நான் பூகோளமும் கணக்கும் கற்பித்தவன். "ஆதாரம் என்ன?" என்று கேட்டுக் கேட்டே மாணவர்களை அலுப்படையச் செய்தவன். அப்படிப்பட்ட நான், ஒரு கணமும் யோசியாமல், அச்செய்தியை என் பழைய மாணவர் குழுவுக்கு அனுப்பினேன். நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினேன். இத்தகைய செய்திகளெல்லாம் நல்லெண்ணத்தின் தோளில் ஏறித்தான் பயணம் செய்கின்றன.

ஒரு முதலையும் தப்பவில்லை என்று பண்ணையார் அறிவித்தார்கள். அதற்குள் என் செய்தி ஒரு வீட்டை அடைந்துவிட்டது. கோட்டூர்புரத்தில் மாடிக் குடியிருப்பு ஒன்றில் என் பழைய மாணவர் ஒருவரின் தாயார் தனியே சிக்கியிருந்தார். மீனவ நண்பர்கள் தம் படகுகளை ஊருக்குள் கொண்டுவந்து மக்களைக் காப்பாற்றிய நாட்கள் அவை. படகு ஒன்று அவர் வாசலுக்கும் வந்தது. படியிலிருந்து படகுக்குப் பத்தடி தூரம் இடுப்பளவு நீரில் நடக்க வேண்டும். அம்மையார் இறங்க மறுத்துவிட்டார். படகு காத்திருக்க இயலாமல் போய்விட்டது. அடுத்த படகு மறுநாள் காலையில்தான் வந்தது. அவர் நீரிழிவு நோயாளி; அன்றிரவுக்கு ஊசி மருந்து இல்லை. பிறகு பல நாள் மருத்துவமனையில் கிடந்து தேறினார். இரண்டு மாதம் கழித்து அந்த மாணவர் இதை என்னிடம் சொன்னார். குற்றம் சாட்டவில்லை. "சார் அனுப்பியிருந்ததால் அம்மா நம்பிவிட்டார்கள்" என்று மட்டும் சொன்னார். முப்பத்தைந்து ஆண்டு ஆசிரியப் பணியில் நான் சேர்த்த நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு பொய்க்கு முத்திரையாகப் பயன்பட்டிருந்தது.

பூகோள ஆசிரியன் செய்திருக்க வேண்டியது என்ன? நிலப்படத்தை ஒருமுறை நினைத்துப் பார்த்திருக்கலாம். முதலைப் பண்ணை நகருக்குத் தெற்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில், மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. அடையாறோ மேற்கிலிருந்து வந்து கடலில் சேர்கிறது. பண்ணையிலிருந்து முதலை கோட்டூர்புரத்துக்கு வர வேண்டுமானால் கடலோரமாக வடக்கே வந்து, முகத்துவாரத்தில் திரும்பி, சீறி வரும் வெள்ளத்தை எதிர்த்து ஏற வேண்டும். இதை எட்டாம் வகுப்பு மாணவனும் சொல்லிவிடுவான். அச்சம் வந்த இடத்தில் பூகோளம் நிற்பதில்லை.

நிற்க. இக்கதைக்கு ஒரு பின்கதையும் உண்டு. 2023 ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, பெருங்களத்தூர்ப் பக்கம் சாலையை ஒரு முதலை கடக்கும் காட்சி கைபேசிகளில் பரவியது. சூடுபட்ட பூனையாகிய நான், "பழைய பொய் மறுபடி வந்துவிட்டது" என்று உடனே எல்லாருக்கும் எழுதிவிட்டேன். அதுவும் பிழையாகப் போயிற்று! அந்த முதலை மெய்யான முதலை. சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகள் சிலவற்றில் சதுப்புநில முதலைகள் சில உண்டென்றும், அவை மனிதரைத் தவிர்க்கும் கூச்ச குணம் உடையவை என்றும் அரசு வனத்துறையின் செயலாளரே விளக்கினார். எட்டாண்டு இடைவெளியில் இரண்டு முதலைகள் என்னைத் தோற்கடித்தன. எதையும் நம்புவது எளிது. எதையும் நம்பாதிருப்பதும் அதே அளவுக்கு எளிது. இரண்டுக்கும் உழைப்புத் தேவையில்லை. விசாரிப்பதற்குத்தான் உழைப்பு வேண்டும். அந்த உழைப்பைக் கற்பிக்க முடியுமா என்ற கேள்வியிலிருந்துதான் எங்கள் வகுப்புப் பிறந்தது.

மயிலாப்பூரில் நண்பர் ஒருவர் தம் வீட்டு மாடியறையைக் கொடுத்தார். சனிக்கிழமை மாலைகளில் கல்லூரி மாணவ மாணவியர் வருகிறார்கள். வரலாறு படிப்பவர், வணிகவியல் படிப்பவர், தமிழ் படிப்பவர், விலங்கியல் படிப்பவர் எனப் பலதரம். மந்தைவெளியிலிருந்து நடந்து வருவோர் உண்டு. அடையாற்றிலிருந்து பஸ்ஸில் வருவோரும் உண்டு. அவர்கள் விரல்களின் வேகத்தைக் கண்டு முதல் வாரம் நான் மலைத்துப் போனேன். இரண்டாம் வாரம் என் மலைப்பு வேறு காரணத்துக்கு மாறியது. கைபேசியில் இறக்கிய கோப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பலருக்குத் தெரியவில்லை. கட்டுரைக் கோப்புக்குப் பெயர் வைக்கச் சொன்னால் "புதியது", "புதியது இரண்டு", "கடைசி", "உண்மையான கடைசி" என்று வைத்தார்கள். கடவுச்சொல்லாக ஏறக்குறைய எல்லாரும் தம் பிறந்த நாளையோ பெயரையோ வைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? 2011 ஆம் ஆண்டில் அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபின், நானும் மேடையில் நின்று மேல்நிலை மாணவர்களுக்கு அக்கருவிகளை வழங்கினேன், படமும் எடுத்துக்கொண்டோம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஒரு பாடவேளையாவது ஒதுக்கிக் கற்பித்தேனா என்றால், இல்லை. பிள்ளைகள் அதில் சினிமாப் பார்த்தார்கள். வேறென்ன செய்வார்கள்?

வந்தவர்களில் ஒரு மாணவன் மூன்றாம் வாரத்தில் காணாமற் போனான். விசாரித்தேன். உதவித்தொகை தருவதாக யாரோ ஒருவன் தொலைபேசியில் அழைத்து, பணம் பெற்றுக்கொள்ள இரகசிய எண்ணை அழுத்துமாறு கூறியிருக்கிறான். தம்பி அழுத்திவிட்டான். தாயார் வளையலை அடகு வைத்துக் கட்டணத்துக்காகப் போட்டு வைத்திருந்த பன்னிரண்டாயிரம் ரூபாய் நொடியில் போயிற்று. கைபேசி வழியே பணம் அனுப்பத்தான் இரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. இந்த ஒரு வாக்கியம் அவனுக்குத் தெரிந்திருந்தால் போதும். அதைவிடக் கொடுமை, வெட்கத்தினால் இரண்டு நாள் அவன் யாரிடமும் சொல்லவில்லை. இணைய மோசடிகளைத் தெரிவிக்க 1930 என்ற எண் நாடு முழுவதற்கும் இருக்கிறது. உடனே சொன்னால் பணம் கைமாறுவதற்குள் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. நாள் கடந்தால் அரிது. அவனுக்குப் பணம் திரும்பவில்லை. நாங்கள் சிலர் சேர்ந்து கட்டணத்தைக் கட்டினோம். அதன்பிறகு எங்கள் வகுப்பில் ஒரு விதி உண்டு: ஏமாந்தவனைக் கண்டு எவரும் சிரிக்கக் கூடாது. சிரிப்புக்கு அஞ்சித்தான் அந்த இரண்டு நாள் வீணாயிற்று. விதியை மதித்து நானும் என் முதலைக் கதையை அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

இனிப் பாடம் நடத்திய முறையைச் சொல்லுகிறேன். நான் பயிற்சி பெற்றது சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில். 1856 ஆம் ஆண்டில் தோன்றிய பழம்பெரும் நிலையம் அது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல். கையால் தொடும் பொருளிலிருந்து கருத்துக்குச் செல் என்று அங்கே எங்களுக்கு நாள்தோறும் ஓதினார்கள். கணினியைக் கற்பிப்பதற்கு இது பொருந்துமா என்று எனக்கு ஐயம் இருந்தது. அந்த ஐயத்தைப் போக்கியது, வேறு எங்கோ அல்ல, அடையாற்றுக்கு அருகிலேயே இருக்கும் ஐ.ஐ.டி. தான்.

சென்னை ஐ.ஐ.டி. 2020 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தரவு அறிவியலில் இணைய வழிப் பட்டப் படிப்பு ஒன்றை அறிவித்தது. அதில் சேர ஐ.ஐ.டி.யின் வழக்கமான நுழைவுத் தேர்வு வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் நான்கு வாரம் பாடங்களைப் படித்து, அவற்றிலேயே ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேறினால் போதும். வரலாறு படித்தவரும் சேரலாம். பாடங்களை வீட்டிலிருந்தே கேட்கலாம். தேர்வை மட்டும் நேரில் வந்து எழுத வேண்டும். அப்படிப்பின் தொடக்க நிலையில், கணினி மொழியைக் கற்பதற்கு முன்னால், கணினிமுறைச் சிந்தனை என்றொரு பாடம் வைத்தார்கள். பேராசிரியர்கள் மாதவன் முகுந்த், ஜி. வெங்கடேஷ் ஆகிய இருவரும் அதை நடத்துகிறார்கள். அப்பாடத்தில் அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி என்ன தெரியுமா? சீட்டுக்கட்டு! ஒரு வகுப்பு மாணவரின் பெயர், பிறந்த தேதி, ஊர், மதிப்பெண்கள் ஆகியவற்றை ஆளுக்கொரு சீட்டாக எழுதி, அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார்கள். கடைகளின் விற்பனைச் சீட்டுகள் ஒரு கட்டு. ஒரு பத்தியிலுள்ள சொற்களைச் சீட்டுக்கு ஒன்றாக எழுதியது இன்னொரு கட்டு. அந்தப் பத்தி, சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயண் 1935 இல் வெளியிட்ட நாவலில், திங்கட்கிழமைக் காலையில் கண்விழிக்க மனமில்லாத சுவாமிநாதனைப் பற்றியது. பாடம் நடத்துபவருக்கு நகைச்சுவை உண்டென்று அதிலேயே அறிந்துகொண்டேன். நியூசிலாந்தில் கான்டர்பரிப் பல்கலைக்கழகத்தாரும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வாறு கணினியில்லாமல் கணினியியல் கற்பிக்கும் வழியை வகுத்திருக்கிறார்கள்.

நானும் ஒரு கட்டுச் சீட்டுத் தயாரித்தேன். "மிக உயர்ந்த மதிப்பெண்ணைக் கண்டுபிடியுங்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சீட்டுத்தான் கையில் இருக்கலாம், துண்டுத்தாளில் ஒரே ஓர் எண்ணைத்தான் எழுதி வைத்துக்கொள்ளலாம்" என்றேன். கணினி அவ்வாறுதான் வேலை செய்கிறது. மாணவர்கள் தாளில் சுழியம் என்று எழுதித் தொடங்கினார்கள். சீட்டிலுள்ள எண் பெரியதாக இருந்தால் பழையதை அடித்துப் புதியதை எழுதினார்கள். கட்டு முடிந்தபோது தாளில் இருந்தது 97. சரியான விடை. "நல்லது, இனி மிகக் குறைந்த மதிப்பெண்ணைக் காணுங்கள்" என்றேன். மறுபடி சுழியத்தில் தொடங்கினார்கள். கட்டு முழுவதும் புரட்டி முடித்தும் தாளில் சுழியமே இருந்தது. வகுப்பில் யாரும் சுழியம் வாங்கவில்லையே! ஐந்து நிமிடம் அறையில் ஓசையே இல்லை. பிறகு தமிழிலக்கியம் படிக்கும் மாணவி ஒருத்தி, "தொடக்கத்திலேயே தப்பு, சார். சுழியத்தைவிடக் குறைந்த மதிப்பெண் வராதே, அது எப்படி மாறும்? முதல் சீட்டின் எண்ணை எழுதிக்கொண்டு தொடங்கியிருக்க வேண்டும்" என்றாள். கணக்குப் பாடத்துக்கு அஞ்சித் தமிழுக்கு வந்தவள் அவள். அன்றைக்கு அவள் முகத்தில் கண்ட ஒளிக்காக நான் இன்னும் பத்தாண்டு வகுப்பெடுக்கத் தயார்.

அடுத்தது முகவரிப் பாடம். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த தியாகராயநகர் வீடு அல்லது கடை ஒன்றின் முகவரியைச் சீட்டில் எழுத வேண்டும். சேகரித்துப் பார்த்தால், ஒருவர் "டி. நகர்" என்கிறார், ஒருவர் "தி. நகர்"; ஒருவர் "தியாகராய நகர்" என்று பிரித்து எழுதுகிறார்; ஒருவர் சேர்த்து எழுதுகிறார்; "பாண்டி பஜார்" என்று மட்டும் எழுதி ஊரையே விட்டுவிட்டார் ஒருவர். இவற்றைக் கணினியிடம் கொடுத்து எத்தனை ஊர் என்று கேட்டால் ஐந்து ஊர் என்று சொல்லும். அதற்கு நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியாரையும் தெரியாது, ரங்கநாதன் தெருவையும் தெரியாது. எழுத்து மாறினால் ஊர் மாறிற்று என்பதே அதன் அறிவு. "என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். அஞ்சல் எண் என்று ஒருவன் சொன்னான். சரியான விடை! தியாகராயநகருக்கு 600017, மயிலாப்பூருக்கு 600004, அடையாற்றுக்கு 600020. 1972 ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று இந்த ஆறிலக்க முறை நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இந்திய மொழிகள் பலவற்றில் பலவாறு எழுதப்படும் ஊர்ப் பெயர்களால் கடிதம் வழி தவறுவதைத் தடுக்க வந்த ஏற்பாடு, இன்று தரவைத் தூய்மை செய்ய நமக்குப் பாடமாகிறது. பெயர்களும் இவ்வாறே. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடுகிறோம். விண்ணப்பப் படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கிறது. ஒரே மாணவி மதிப்பெண் பட்டியலில் எஸ். ரமாவாகவும், வங்கியில் ரமா எஸ். ஆகவும், வேறோரிடத்தில் ரமா சுந்தரமாகவும் மூன்று பெண்களாகப் பெருகிவிடுகிறாள். உதவித்தொகை வராமல் அலைந்த பிள்ளைகளை நான் அறிவேன். பெரும்பாலும் ஒரு புள்ளியிலும் ஓர் இடைவெளியிலும்தான் கோளாறு இருந்தது.

தமிழைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். இது பாடத்துக்குச் சற்றுப் புறம்பானது, பொறுத்தருள்க. "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று குழந்தையும் சொல்லும். எக்ஸெல் அட்டவணையில் இட்டு நீளத்தைக் கேட்டால் ஐந்து என்கிறது! த ஒன்று, மகரம் ஒன்று, அதன்மேல் ஏறும் இகரக் குறி ஒன்று, ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று. ஒருங்குறி என்னும் உலகப் பொது முறையில் நம் எழுத்துகள் இவ்வாறு பகுத்தே வைக்கப்பட்டுள்ளன. அகர வரிசையிலும் தொல்லை உண்டு. நம் நெடுங்கணக்கில் கடைசி மெய் னகரம். ஒருங்குறிப் பட்டியலிலோ அது நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே அந்தக் குறியெண்களை அப்படியே பின்பற்றி வரிசைப்படுத்தினால் அகராதி முறை கிட்டாது; தமிழ் முறையை அறிந்து வரிசைப்படுத்தும்படி மென்பொருளுக்குத் தனியே சொல்லியிருக்க வேண்டும். எந்திரம் சொல்லும் எண்ணிக்கை எதை எண்ணிய எண்ணிக்கை என்று கேட்கும் பழக்கத்தை எங்கள் மாணவர் பெற்றது இந்தப் பாடத்தில்தான். கணக்காசிரியனுக்குத் தமிழ் செய்த உதவி இது.

சராசரியைப் பற்றி நீண்டு பேச மாட்டேன். ரங்கநாதன் தெருவில் ஒன்பது பேர் ஆளுக்கு 300 ரூபாய்க்குப் பாத்திரமும் துணியும் வாங்குகிறார்கள். பத்தாமவர் கல்யாணப் பட்டுக்கு 27,300 ரூபாய் கொடுக்கிறார். சராசரிச் செலவு 3,000 ரூபாய். அந்தப் பத்துப் பேரில் எவரும் 3,000 ரூபாய் செலவழிக்கவில்லை! வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் 300 என்பார். சராசரி, இடைநிலை என்று பள்ளியில் மனப்பாடம் செய்த இரண்டும் எதற்காக இரண்டாக இருக்கின்றன என்பது இப்போது விளங்கும்.

எங்கள் வகுப்பில் பெரும்பொழுது ஏரிகளோடுதான் கழிந்தது. சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் ஏரிகளின் நீரிருப்பை வெளியிடுகிறது. எவரும் பார்க்கலாம். முழுக் கொள்ளளவு பூண்டிக்கு 3,231 மில்லியன் கனஅடி; சோழவரத்துக்கு 1,081; புழலுக்கு 3,300; செம்பரம்பாக்கத்துக்கு 3,645. மொத்தம் 11,257. 2020 ஆம் ஆண்டு நவம்பரில் கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 500 மில்லியன் கனஅடியோடு சேர்ந்துகொண்டது; மொத்தம் 11,757 ஆயிற்று. இதில் ஒரு பொறி இருக்கிறது. 2019 ஆம் ஆண்டின் விழுக்காட்டையும் இந்த ஆண்டின் விழுக்காட்டையும் அருகருகே வைத்து ஒப்பிடும் மாணவன், வகுக்கும் எண் மாறிவிட்டதைக் கவனித்தானா? பெரும்பாலோர் கவனிப்பதில்லை. "செம்பரம்பாக்கத்தில் நீர் ஒரே நாளில் இருமடங்கு!" என்று ஒரு தலைப்பு வந்தால், 20 மில்லியன் கனஅடி 40 ஆகியிருக்கலாம், 3,645 இல் 40 என்பது நூற்றில் ஒன்றைச் சற்றே தாண்டியதுதான்.

2019 ஆம் ஆண்டுக் கோடையை நீங்கள் அறிவீர்கள். அப்போது நீங்கள் பள்ளிப் பிள்ளைகள். ஜூன் மாதத்தில் நான்கு ஏரிகளின் மொத்த இருப்பு நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. ஜூலை 12 ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீரோடு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. இதைக் கணக்காக்கினோம். அந்நாட்களில் வாரியம் நகருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 52 கோடி லிட்டர் வழங்கி வந்தது. அதுவே வழக்கத்திலும் வெகுவாகக் குறைக்கப்பட்ட அளவு. அப்படியானால் ஒரு நாள் தேவைக்கு 208 ரயில்கள் வேண்டும். மாணவன் ஒருவன் எழுந்து, "அந்த ரயில் வெறும் வேடிக்கைதானா, சார்?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் பேசினாள். மந்தைவெளியில் அவள் தாயார் அந்தக் கோடையில் விடியற்காலை மூன்று மணிக்குக் குடத்தோடு லாரிக்காக நின்றவர். "ஒரு குடம் பதினைந்து லிட்டர். 25 லட்சத்தைப் பதினைந்தால் வகுங்கள்" என்றாள். வகுத்தோம். ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம் குடத்துக்கு மேல் வந்தது. "அவ்வளவு குடம் எங்கள் தெருவுக்கு வேடிக்கையாக இராது" என்றாள். இருவர் கணக்கும் சரி. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் இருவரும் பிரிந்தார்கள். அன்று மாலை வகுப்பு ஒன்பது மணி வரை நடந்தது. வீட்டுக்காரர் இரண்டு முறை மாடிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மழைக் கணக்கும் இவ்வாறே. நுங்கம்பாக்கத்தில் 1792 ஆம் ஆண்டிலேயே வானாய்வுக் கூடம் கட்டப்பட்டது. தமிழிலும் எழுத்துப் பொறித்த கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அவ்வளவு பழைய இடம் என்பதற்காக அதன் எண்ணையே சென்னை முழுவதுக்கும் எண் என்று கொண்டுவிடலாமா? 2015 டிசம்பர் 2 ஆம் நாள் காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் பெய்தது ஏறத்தாழ 29 சென்டிமீட்டர், தாம்பரத்தில் 49, செம்பரம்பாக்கத்தில் 47. கோட்டூர்புரத்து அம்மையாரின் வாசலில் இடுப்பளவு நின்ற நீர், பெரிதும் மேற்கிலும் தென்மேற்கிலும் பெய்து அடையாற்றின் வழியே வந்த நீர். நுங்கம்பாக்கத்து எண்ணை மட்டும் பார்த்திருந்தவர்க்கு அது விளங்கியிராது.

செய்தியைச் சோதிக்கும் முறைக்கு மறுபடி வருகிறேன். அமெரிக்காவில் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்துச் சாம் வைன்பர்க் என்னும் கல்வியறிஞரும் சாரா மெக்ரூ என்பவரும் 2017 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் பத்துப் பேர், அப்பல்கலைக்கழக மாணவர் இருபத்தைந்து பேர், பத்திரிகைகளில் உண்மை சரிபார்க்கும் பணியிலுள்ளோர் பத்துப் பேர் ஆகியோரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து நம்பத்தக்கவையா என்று கேட்டார்கள். வரலாற்றாசிரியரும் மாணவரும் கொடுத்த பக்கத்தையே மேலிருந்து கீழ்வரை ஊன்றிப் படித்து, அழகிய முத்திரையையும் அடக்கமான நடையையும் கண்டு பலமுறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ சில நொடிகளில் அப்பக்கத்தை விட்டு வெளியேறி, இதை நடத்துவோர் யார், மற்றவர் இவர்களைப் பற்றி என்ன சொல்லுகிறார்கள் என்று பக்கவாட்டில் தேடினார்கள். விரைவாகவும் சரியாகவும் விடை கண்டார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. ஊன்றிப் படி, முழுதும் படி என்றுதான் நாங்கள் உங்களுக்குச் சொல்லி வந்தோம். பெண் பார்க்கப் போகும் வீட்டில் வீட்டாரை மட்டும் கேட்டுவிட்டா திரும்புகிறோம்? எதிர்வீட்டிலும் ஒரு வார்த்தை விசாரிப்பதில்லையா? இணையத்தில் மட்டும் அவ்வழக்கத்தை எப்படியோ மறந்துவிட்டோம்.

கேட்ட மாத்திரத்தில் விடை எழுதித் தரும் எந்திரங்களும் இப்போது வந்துவிட்டன. அவற்றை நான் வெறுப்பவனல்லேன். ஒரு நாள் ஏரிகளின் கொள்ளளவை அவற்றில் ஒன்றிடம் கேட்டோம். மிகத் தெளிவான நடையில், சிறிதும் தயக்கமின்றி, ஓர் ஏரிக்குத் தவறான எண்ணைத் தந்தது. தயங்கும் மாணவனுக்கு மதிப்பெண் குறைத்தே பழகிய நான், தயங்காத இந்த மாணவனை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

2022 ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் தமிழக அரசு தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்தின் வழியே கல்லூரிகளுக்குள்ளேயே இத்தகைய பயிற்சிகள் வந்திருக்கின்றன. நல்ல காலம். சான்றிதழுக்காக மட்டும் அவற்றை முடித்துவிடுகிற பிள்ளைகளையும் காண்கிறேன். அதற்கும் குற்றம் பிள்ளைகளுடையது மட்டுமன்று. சான்றிதழைத் தவிர வேறொன்றையும் நாங்கள் கேட்டதில்லையே.

சென்ற சனிக்கிழமை வகுப்பில் கரும்பலகையில் ஐந்து ஏரிகளின் இருப்பையும் வரிசையாக எழுதிவிட்டு, பெருமிதத்தோடு கையிலிருந்த தூசியைத் தட்டினேன். சேர்ந்து இரண்டு வாரமே ஆன விலங்கியல் மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சார், இது எந்தத் தேதிக் கணக்கு? எங்கே பார்த்தீர்கள்?"

காலையில் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்ததை அப்படியே எழுதியிருந்தேன். அதில் தேதி இல்லை. வாரியத்தின் பக்கத்தை அவள் தன் கைபேசியில் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். நான் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஐந்தில் நான்கு மாறின. பிறகு பலகையின் வலது மூலையில், முன்பெல்லாம் பள்ளியில் எழுதுவது போலவே, தேதியை எழுதினேன்.